பணத்தையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் பேச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயது வந்தவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். வேறு எந்தப் பாடத்தையும்விட இந்தப் பாடத்தில்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. சொற்கள் எல்லாம் பழக்கமானவைதான். ஸ்பெண்ட், சேவ், காஸ்ட், லெண்ட் என்று பள்ளியிலேயே படித்தவை. வாக்கியத்தில் வைக்கும்போதுதான் கை தடுமாறுகிறது. பெரும்பாலான பிழைகளுக்குப் பின்னால் ஒரு தமிழ் வாக்கியம் நிற்கிறது. அது எந்த வாக்கியம் என்று கண்டுபிடித்துவிட்டால் பிழை தானாக விலகிவிடும்.

ஒரு சிறு குறிப்பு: 'ஸ்பெண்ட்' என்பதன் இறந்தகால வடிவத்தை இங்கே 'ஸ்பென்ட்' என்றும், 'லெண்ட்' என்பதன் இறந்தகால வடிவத்தை 'லென்ட்' என்றும் எழுதியிருக்கிறேன். ஒலிப்பில் என்ன வேறுபாடு என்பது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

பணத்தையும் நேரத்தையும் ஏன் ஒரே பாடமாகப் படிக்க வேண்டும்?

ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொற்களால் பேசுகிறது. ஸ்பெண்ட், சேவ், வேஸ்ட், லூஸ், இன்வெஸ்ட், செட் அசைட்: செலவழிப்பது, மிச்சம் பிடிப்பது, வீணாக்குவது, இழப்பது, முதலீடு செய்வது, ஒதுக்கி வைப்பது. இவற்றில் எதை எடுத்தாலும் அதன் பின்னால் 'மணி' வரலாம், 'டைம்' வரலாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1748-இல் ஓர் இளம் வணிகருக்கு அறிவுரை சொல்வதுபோல் எழுதிய கட்டுரையில் 'டைம் இஸ் மணி' என்றார். அது இன்று பழமொழியாகவே வழங்குகிறது. 1980-இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃபும் தத்துவ அறிஞர் மார்க் ஜான்சனும் சேர்ந்து எழுதிய நூல், நேரத்தைப் பணமாகப் பார்க்கும் பார்வை ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை இதே சொற்களைக் கொண்டு காட்டியது.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழிலும் நேரத்தைச் செலவிடுகிறோம், வீணாக்குகிறோம், மிச்சப்படுத்துகிறோம். பாதிப் பாடம் முன்பே தெரிந்ததுதான்.

'ஸ்பெண்ட்' என்பதும் 'செலவு' என்பதும் ஒன்றுதானா?

பொருளில் ஏறத்தாழ ஒன்று. பிறப்பில் வேறு வேறு. 'ஸ்பெண்ட்' இலத்தீன் மொழியில் 'எக்ஸ்பெண்டெரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்கு நிறுத்துக் கொடுத்தல் என்று பொருள். உலோகத்தைத் தராசில் வைத்துக் கொடுத்த காலத்துச் சொல். நம் 'செலவு' செல் என்ற வினையில் பிறந்தது. சங்க அகப்பாடல்களில் செலவு என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பிரிய மனமின்றித் தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்கல்' என்றே பெயர். வருவது வரவு, செல்வது செலவு. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. தமிழில் பணம் தானாகவே போகும்: 'பணம் செலவாகிவிட்டது' என்கிறோம், செலவழித்தவர் வாக்கியத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஸ்பெண்ட் செய்ய ஓர் ஆள் வேண்டும். ஆகவே 'த மணி ஸ்பென்ட்' என்று நிறுத்தினால் வாக்கியம் ஆகாது. 'ஐ ஹாவ் ஸ்பென்ட் த மணி' என்று ஆளைச் சொல்லுங்கள். ஆளைச் சொல்ல விருப்பமில்லை என்றால் 'த மணி இஸ் கான்' என்று சொல்லுங்கள். 'தீர்ந்துவிட்டது' என்பதற்கு 'ரன் அவுட்' பொருந்தும். 'த மணி ரான் அவுட்', 'வி ரான் அவுட் ஆஃப் மணி' இரண்டும் சரி. நேரத்துக்கும் அப்படியே: 'வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்'.

ஸ்பெண்ட் என்பதற்குப் பின் 'ஃபார்' வருமா, 'ஆன்' வருமா?

'ஆன்' வரும். இந்த ஒரு கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் இதில்தான் மிக அதிகமானவர்கள் வழுக்குகிறார்கள்.

காரணம் நம் நான்காம் வேற்றுமை உருபு, 'கு'. 'புத்தகத்துக்குச் செலவழித்தேன்', 'படிப்புக்குச் செலவழித்தேன்' என்று நினைக்கிறோம். அந்தக் 'கு' ஆங்கிலத்துக்குள் நுழையும்போது 'ஃபார்' என்று வேடம் போட்டுக்கொள்கிறது. ஒரு மாணவி தன் வேலை விண்ணப்பத்தைத் திருத்தக் கொண்டுவந்தார். நல்ல கடிதம், எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று பத்திகளில் நான்கு இடங்களில் 'ஸ்பென்ட் ஃபார்'. ஆண்டுகளைச் செலவிட்டது, உழைப்பைச் செலவிட்டது, பணத்தைச் செலவிட்டது எல்லாவற்றுக்கும் ஃபார். பென்சிலால் நான்கையும் வட்டமிட்டு, ஓரத்தில் 'கு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

பொருளோ வேலையோ பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஆன்' போடுங்கள்: 'ஐ ஸ்பென்ட் எ லாட் ஆஃப் மணி ஆன் புக்ஸ்', 'ஷி ஸ்பென்ட் த்ரீ டேஸ் ஆன் த ரிப்போர்ட்'. ஒரு செயலைச் செய்வதில் நேரம் போனது என்றால், நடுவில் எதுவும் வேண்டாம். வினையை 'இங்' ஈற்றோடு நேராக வையுங்கள்: 'ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் ரீடிங்'. 'டு ரீட்' என்று எழுதக் கூடாது, 'ஃபார் ரீடிங்' என்றும் எழுதக் கூடாது. ஒருவரோடு நேரம் கழித்தால் 'வித்': 'ஐ ஸ்பென்ட் த டே வித் மை சிஸ்டர்'.

'ஃபார்' எங்கே வரும் என்று கேட்பீர்கள். அதற்கு 'பே' என்ற வினையோடு உறவு. 'ஐ பெய்ட் டென் பவுண்ட்ஸ் ஃபார் த புக்' என்பது சரி. அதையே ஸ்பெண்ட் கொண்டு சொன்னால் 'ஆன் த புக்' ஆகிவிடும். பில்லைக் கட்டுவதற்கு மட்டும் எதுவும் தேவையில்லை: 'ஐ பெய்ட் த பில்'.

வேஸ்ட், சேவ் இரண்டையும் எப்படிப் பயன்படுத்துவது?

வேஸ்ட், ஸ்பெண்ட் போன வழியிலேயே போகும்: 'டோன்ட் வேஸ்ட் மணி ஆன் இட்', 'ஐ வேஸ்டட் அன் அவர் லுக்கிங் ஃபார் இட்'. பெயர்ச்சொல்லாக வந்தால் 'எ வேஸ்ட் ஆஃப் டைம்'.

சேவ் சற்று நுட்பமானது. தமிழில் சேமிப்பது ஒன்று, மிச்சம் பிடிப்பது வேறொன்று. சேவ் இரண்டையும் சொல்லும். சிறிது சிறிதாகச் சேர்த்துவைப்பதை அழுத்திச் சொல்ல 'சேவ் அப்' என்று 'அப்' சேர்ப்பார்கள். இது பெரும்பாலும் பணத்துக்கு வரும். ஒருவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுப்பதைச் சொல்லும்போது ஆள் முதலில், அளவு பிறகு: 'திஸ் ரோட் வில் சேவ் யூ அன் அவர்'. 'உங்களுக்கு' என்று நாம் நினைப்பது அங்கே வெறும் 'யூ'. முன்னால் 'டு', 'ஃபார்' எதுவும் வராது.

'எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது', 'எனக்கு இவ்வளவு பணம் ஆனது' என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் நேரம், பணம் இரண்டுக்கும் 'ஆனது' போதும். ஆங்கிலம் இந்த இடத்தில் வழி பிரிகிறது. நேரத்துக்கு 'டேக்', பணத்துக்கு 'காஸ்ட்'.

'இட் டுக் மீ டூ அவர்ஸ் டு ரைட் த லெட்டர்.' 'த புக் காஸ்ட் மீ டென் பவுண்ட்ஸ்.' இரண்டிலும் 'எனக்கு' என்பது 'மீ' ஆகி வினைக்கு அடுத்து உட்காருகிறது. டேக் வாக்கியத்தில் செயலைச் சொல்ல 'டு' சேர்ந்த வினை வரும். ஸ்பெண்ட் என்பதற்கு 'இங்', டேக் என்பதற்கு 'டு'. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்: 'ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் ரைட்டிங் இட்', 'இட் டுக் மீ டூ அவர்ஸ் டு ரைட் இட்'. செய்தி ஒன்றுதான், கட்டமைப்பு வேறு.

காஸ்ட் என்பதன் எழுவாய் எப்போதும் வாங்கிய பொருளோ நடந்த நிகழ்வோதான். 'ஐ காஸ்ட் டென் பவுண்ட்ஸ்' என்றால் உங்களுக்கே விலை சொல்கிறீர்கள் என்று ஆகிவிடும். டேக் அவ்வளவு கண்டிப்பானதில்லை. 'ஐ டுக் டூ அவர்ஸ் டு ஃபினிஷ்' என்றும் சொல்லலாம். காஸ்ட் இறந்தகாலத்திலும் காஸ்ட்தான். 'காஸ்டட்' என்ற வடிவம், ஒரு திட்டத்துக்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டார்கள் என்ற பொருளில் மட்டும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இழப்பு என்ற உணர்வு வரும்போது காஸ்ட் நேரத்தையும் தொடும். 'தட் மிஸ்டேக் காஸ்ட் அஸ் டூ டேஸ்' என்றால் அந்தத் தவறால் இரண்டு நாள் போயிற்று என்று பொருள். 'டுக்' என்று சொன்னால் வெறும் கால அளவு. 'காஸ்ட்' என்றால் அதில் ஒரு வலி இருக்கிறது.

லெண்ட், பாரோ இரண்டும் குழப்புகின்றனவே?

குழப்பத்தான் செய்யும். தமிழில் 'கடன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வாங்கு, கொடு என்ற வினைகளால் திசை காட்டுகிறோம். ஆங்கிலத்தில் திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. லெண்ட் என்றால் கொடுப்பது, பாரோ என்றால் வாங்குவது. 'கேன் யூ பாரோ மீ சம் மணி' என்று கேட்டால் எதிரில் இருப்பவர் ஊகித்துப் புரிந்துகொள்வார், ஆனால் வாக்கியம் தவறு. 'கேன் யூ லெண்ட் மீ', அல்லது 'கேன் ஐ பாரோ'. எழுவாய் 'யூ' என்றால் லெண்ட், 'ஐ' என்றால் பாரோ என்று கேள்வி வடிவத்திலேயே மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். விளக்கத்தைவிட இது வேகமாகப் படிகிறது.

'அவரிடம் கடன் வாங்கினேன்' என்பதில் உள்ள 'இடம்' ஆங்கிலத்தில் 'ஃப்ரம்'. 'ஐ பாரோட் இட் ஃப்ரம் ஹிம்'. 'லோன்' பெயர்ச்சொல், அமெரிக்கர்கள் அதை வினையாகவும் ஆள்வார்கள்.

திருப்பித் தர வேண்டியிருப்பதைச் சொல்ல 'ஓ' என்று ஒலிக்கும் வினை இருக்கிறது. 'ஐ ஓ யூ டென் பவுண்ட்ஸ்': உங்களுக்குப் பத்து பவுண்டு தர வேண்டும். பணமில்லாத கடனுக்கும் அது வரும்: 'ஐ ஓ யூ அன் அப்பாலஜி', உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒருவர் நேரம் ஒதுக்கித் தர வேண்டும் என்றால் லெண்ட் என்று கேட்க வேண்டாம். அதற்கு 'கிவ்', 'ஸ்பேர்' இருக்கின்றன.

'அஃபோர்ட்' என்பதற்குத் தமிழில் என்ன?

'கட்டுப்படியாகும்' என்பதுதான் மிக நெருக்கமான சொல். அதோடு 'கேன்', 'குட்', 'ஏபிள் டு' ஆகியவற்றில் ஒன்று எப்போதும் துணைக்கு வரும். 'ஐ அஃபோர்ட் எ கார்' என்று தனியாக நிற்காது. 'ஐ கேன் அஃபோர்ட் எ கார்'. பின்னால் வினை வந்தால் 'டு' வேண்டும்: 'வி கான்ட் அஃபோர்ட் டு பை இட்'.

நேரத்துக்கும் இது வரும், ஆனால் நேரம் என்று சொல்லிவிட வேண்டும். கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பயிலரங்குக்கு என்னை அழைத்தவரிடம், வேலை மிகுதியை மனத்தில் வைத்து 'ஐ கான்ட் அஃபோர்ட் டு கம்' என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, டிக்கெட் செலவைத் தாமே ஏற்றுக்கொள்வதாகக் கனிவோடு சொன்னார். 'ஐ கான்ட் அஃபோர்ட் த டைம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மனிதரின் பெருந்தன்மையோடு சேர்ந்தே அந்தச் சொல் என் நினைவில் தங்கிவிட்டது.

'ஸ்பேர்' எப்போது?

தேவைக்கு மேல் இருப்பது ஸ்பேர். 'ஸ்பேர் டைம்' ஓய்வு நேரம். 'ஸ்பேர் சேஞ்ச்' கையில் மிஞ்சிய சில்லறை. வினையாக வரும்போது, உங்களிடம் இருப்பதில் கொஞ்சம் எனக்கு ஒதுக்க முடியுமா என்ற பணிவு அதில் இருக்கிறது: 'குட் யூ ஸ்பேர் மீ ஃபைவ் மினிட்ஸ்?' அலுவலகத்தில் மேலதிகாரியிடம் நேரம் கேட்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது.

'வொர்த்' வினையா, பெயரா?

வினை இல்லை என்பதை முதலில் மனத்தில் நிறுத்துங்கள். 'இட் வொர்த்ஸ்' என்பது இல்லவே இல்லை. 'இஸ்', 'வாஸ்' போன்ற ஒன்று முன்னால் வர வேண்டும்: 'இட் இஸ் வொர்த் டென் பவுண்ட்ஸ்', அது பத்து பவுண்டு பெறும். நம் 'பெறும்' என்ற வினைதான் நம்மை 'வொர்த்ஸ்' என்று எழுத வைக்கிறது.

செயலுக்கு 'இங்': 'த புக் இஸ் வொர்த் ரீடிங்', படிக்கத் தகுந்த புத்தகம். கொடுத்த பணம் வீண்போகவில்லை என்றால் 'வொர்த் த மணி'. பட்ட பாடு வீண்போகவில்லை என்றால் 'வொர்த் இட்'. 'வொர்த் யுவர் வைல்' என்ற தொடரில் வரும் 'வைல்' என்பது சிறிது நேரம். உங்கள் நேரத்தைக் கொடுக்கத் தகும் என்று அர்த்தம். ஒரே சொல் பணத்தையும் நேரத்தையும் ஒரு தராசில் வைத்துப் பார்க்கிறது.

பிரைஸ், ஃபீ, ஃபேர், சார்ஜ்: எதை எங்கே?

பொருளுக்கு பிரைஸ். மருத்துவர், வழக்கறிஞர், தேர்வு, பள்ளி என்றால் ஃபீ. பஸ், ரயில், டாக்சிப் பயணத்துக்கு ஃபேர். ஒரு சேவைக்காகக் கேட்கும் தொகை சார்ஜ். தங்கும் இடத்துக்கு ரென்ட், விதி மீறினால் ஃபைன்.

'டென் பவுண்ட்ஸ் இஸ்' என்பதா, 'ஆர்' என்பதா?

தொகையை ஒரே அளவாகப் பார்ப்பதால் 'இஸ்': 'டென் பவுண்ட்ஸ் இஸ் இனஃப்', 'டூ அவர்ஸ் இஸ் எ லாங் டைம்'. இங்கே தமிழ் காது நமக்குத் துணை நிற்கும். 'இரண்டு மணி நேரம் போதும்' என்று நாமும் ஒருமையாகத்தான் நினைக்கிறோம்.

அடுத்த முடிச்சும் இதைச் சேர்ந்ததே. அளவு ஒரு பெயருக்கு அடைமொழியாக முன்னால் வந்தால் 'எஸ்' உதிர்ந்துவிடும்: 'எ டூ அவர் மீட்டிங்', 'எ டென் பவுண்ட் நோட்'. எழுதும்போது எண்ணுக்கும் அளவுக்கும் நடுவே சிறு இணைகோடு உண்டு. உரிமைக்குறியோடு வரும் இன்னொரு அழகான வடிவமும் இருக்கிறது: 'அன் அவர்ஸ் ஒர்க்', ஒரு மணி நேர வேலை, 'எ மந்த்ஸ் பே', ஒரு மாதச் சம்பளம்.

பணத்தை எண்ண முடியும் என்றாலும் 'மணி' எண்ணாப் பெயர். 'ஹௌ மச் மணி', 'ஹௌ மச் டைம்'. 'ஹௌ மெனி டைம்ஸ்' என்று கேட்டால் 'எத்தனை தடவை' என்று ஆகிவிடும்.

ஆன் டைம், இன் டைம் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆன் டைம் என்றால் குறித்த நேரத்துக்குச் சரியாக. இன் டைம் என்றால் காரியம் கெடுவதற்குள். ரயில் அட்டவணைப்படி வந்தது ஆன் டைம். கதவு மூடுவதற்குள் நீங்கள் ஏறிவிட்டது இன் டைம்.

இதேபோல் 'திங்கட்கிழமைக்குள்' என்பதற்கு 'பை மண்டே', 'திங்கட்கிழமை வரை' என்பதற்கு 'அன்டில் மண்டே'. இனி இரண்டு மணி நேரம் கழித்து வருவேன் என்றால் 'ஐ வில் கம் இன் டூ அவர்ஸ்'. 'ஆஃப்டர்' என்று சொன்னாலும் புரியும், ஆனால் 'இன்' இயல்பு.

நேரத்துக்கு மட்டும் வரும் சொற்கள் உண்டா?

உண்டு. 'பாஸ் த டைம்' என்றால் பொழுதைப் போக்குவது. நம் 'பொழுதுபோக்கு' அப்படியே இதற்கு ஒத்து வருகிறது. ஆனால் 'டைம்பாஸ்' என்று பெயர்ச்சொல்லாக நாம் சொல்வது இந்திய ஆங்கிலம். வெளிநாட்டவரிடம் சொன்னால் விழிப்பார்கள். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது பொழுதை ஓட்டுவது 'கில் டைம்'. பணத்தை யாரும் 'கில்' செய்வதில்லை.

'மேக்' இரண்டோடும் சேரும், பொருள் மாறும். 'மேக் மணி' சம்பாதிப்பது. 'மேக் டைம்' என்பது வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்குவது. நேரத்தைச் சம்பாதிக்க எந்த மொழியிலும் வழியில்லை. 'ஏர்ன்' என்ற வினை அதனால்தான் டைம் பக்கம் போவதில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்பெண்ட், ஸ்பென்ட், லெண்ட், லென்ட்: காதுக்கு எப்படி வேறுபடும்?

கடைசி ஒலியைக் கவனியுங்கள். நிகழ்கால வடிவில் முடிவது 'வண்டி' என்ற சொல்லில் வரும் மெல்லிய டகரம். அதிர்வு தொண்டையில் தொடர்கிறது. இறந்தகால வடிவில் முடிவது 'பட்டு' என்பதில் வரும் வல்லோசை. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ட்'தான் என்பதால் காது வேறுபாட்டைத் தவறவிடுகிறது. உயிரொலியின் நீளம் நல்ல அடையாளம்: ஸ்பெண்ட் என்பதில் எகரமும் மூக்கொலியும் சற்று நீளும், ஸ்பென்ட் சட்டென்று முறியும்.

இன்னொரு பழக்கத்தை விட வேண்டும். குற்றியலுகரம் நம் நாவில் ஊறிவிட்டதால் 'ஸ்பெண்டு' என்று முடிக்கிறோம். முன்னால் ஓர் இகரம் சேர்ந்து 'இஸ்பெண்டு' ஆவதும் உண்டு. ஆங்கிலத்தில் அது ஒரே அசைச் சொல்.

இவையெல்லாம் நாவில் படிய என்ன செய்யலாம்?

சொற்பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். தனிச்சொல்லாகப் படித்தது தனியாகவே நிற்கும். தினமும் இரவு, அன்று போன பணத்தையும் நேரத்தையும் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள். ஒரு ஸ்பெண்ட், ஒரு டேக், ஒரு காஸ்ட் கட்டாயம் இருக்க வேண்டும். பொய்யாக எழுத வேண்டாம்; உண்மையில் நடந்ததை எழுதும்போது சொல்லை நீங்களே தேடுவீர்கள், தேடிய சொல் மறக்காது.

மேலே சொன்ன அந்த மாணவி ஆறு வாரம் விடாமல் எழுதினார். கடைசிப் பக்கத்தில் 'இட் டுக் மீ டென் மினிட்ஸ் டு ரைட் திஸ். இன் த ஃபர்ஸ்ட் வீக் இட் டுக் மீ அன் அவர்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் நான் வட்டமிட்டது ஒரே ஒரு 'ஃபார்'. ஓரத்தில் 'கு' என்று அவரே எழுதி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தார்.